நாள் தள்ளிப்போச்சு

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு, கேஸ் வந்த தேதி, சீட்டுப் பணம் கட்டிய தேதி எல்லாம் அதில்தான். சில கட்டங்களின் மூலையில் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அது என் மாதவிடாய்க் கணக்கு. கல்யாணமான புதிதில், 2016ல், அந்தப் புள்ளிகள் 28, 29 நாளுக்கு ஒன்றாக ஒழுங்காக விழுந்தன. எனக்கு 40 தாண்டியதும் 24, 22 என்று நெருங்கி வந்தன. அப்புறம் திடீரென்று 35. மறுபடி 23. கரூரில் ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவள் நான். டேலி ஆகாத எண்ணைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. இந்த எண்களை மட்டும் மாதக்கணக்கில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் 38 வயதில். செவ்வாய் தோஷம், அப்பாவுக்குப் பக்கவாதம், தங்கையை முதலில் கட்டிக்கொடுத்தது என்று காரணம் சொல்ல நிறைய இருக்கிறது. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர், பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. முதல் வருஷம் எல்லோரும் "விசேஷம் உண்டா?" என்று கேட்டார்கள். இரண்டாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்காமல் விட்டபோதுதான் வலித்தது.

அத்தை, அதாவது மாமியார், திருக்கருகாவூருக்குப் போய் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய் வாங்கி வந்தார். 48 நாள் ராத்திரி இருவரும் சாப்பிட வேண்டும், வீட்டு விலக்கு நாட்களில் மட்டும் நான் நிறுத்த வேண்டும். நான் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. நெய்க் கிண்ணத்தை அத்தை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நாற்பதாவது நாள் வாக்கில் என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நாள் தள்ளீருக்குது கண்ணு, வெயிட்டெல்லாம் தூக்காத" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கடைசி மாதவிடாயிலிருந்து 52ஆம் நாள், கர்ப்பம் பார்க்கும் அட்டையில் சோதித்தேன். ஒரு கோடு. மறுநாள் காலை, பல வருஷமாகப் பார்க்காத அளவுக்குக் கட்டி கட்டியாகப் போனது. அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி நெய் சாப்பிடாமல் விட்டேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நம் பேச்சில் 'நாள் தள்ளிப்போச்சு' என்றால் நல்ல செய்தி என்றுதான் அர்த்தம். 40க்கு மேல் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் போனேன். ஹார்மோன் கோளாறு என்றார். மாதவிடாயை வரவழைக்க மாத்திரை, முட்டை வளர மாத்திரை என்று எட்டு மாதம் ஓடியது. மாத்திரை போட்டால் புள்ளிகள் அழகாக 30 நாளுக்கு ஒன்றாக விழுந்தன. காலண்டர் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். கணக்கில் வித்தியாசம் வந்தால் ஒரு பொய் என்ட்ரி போட்டுச் சமன்செய்வதைப் போன்றதுதான் அது. ஏன் வித்தியாசம் வந்தது என்று அந்த எட்டு மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யவில்லை. 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயற்சி செய்தும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும், 40 தாண்டியவர்கள் அந்த ஆறு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் காத்திருந்தது மூன்று வருஷம்.

2019ல், 41 வயதில், கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அந்த டாக்டரம்மா முதலில் தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் பார்க்கச் சொன்னார். இரண்டில் எது கெட்டாலும் மாதவிடாய் இப்படித் தாறுமாறாகும், அதை மாத்திரையிலேயே சரிசெய்யலாம். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அடுத்து முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச், முட்டையை வளரச் சொல்லி மூளை அனுப்பும் ஹார்மோனான எஃப்எஸ்எச் மாதவிடாயின் இரண்டாம் நாளில், அதோடு சினைப்பையில் எத்தனை முட்டைப் பைகள் தெரிகின்றன என்று எண்ணும் ஸ்கேன். ஏஎம்எச் 0.4, குறைவு. எஃப்எஸ்எச் 14, அதிகம். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்றே பைகள்.

"இதுக்குப் பேரு பெரிமெனோபாஸ்மா. மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடி வர்ற காலம். சில பேருக்கு ரெண்டு வருஷம், சில பேருக்கு எட்டு வருஷம்."

எனக்கு 41தானே என்றேன். மேல்நாட்டில் மாதவிடாய் நிற்பது சராசரியாக 51 வயதில், நம் ஊர்ப் பெண்களுக்கு 46, 47லேயே நின்றுவிடுகிறது என்றார். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 41 ஒன்றும் அதிசயமில்லை.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு அவர் விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து, இருபது லட்சம் முட்டைகளோடுதான் பிறக்கிறது. பெரிய மனுஷியாகும்போது மூன்று, நான்கு லட்சம். 37, 38 வயதில் சுமார் 25 ஆயிரம். மாதவிடாய் நிற்கும்போது ஆயிரம் இருந்தாலே அதிகம். முட்டை குறையக் குறைய, சினைப்பை மூளையின் பேச்சைக் கேட்பதில்லை. காது மந்தமானவரிடம் நாம் சத்தம் போட்டுப் பேசுவோமே, அதுபோல மூளை எஃப்எஸ்எச்சை ஏற்றிக்கொண்டே போகிறது. அந்தச் சத்தத்தில் முட்டை அவசரமாகச் சீக்கிரமே வளர்ந்துவிடுவதால்தான் முதலில் சுற்று 28லிருந்து 23 ஆகச் சுருங்குகிறது. பிறகு சில மாதம் முட்டையே வெளிவராமல் போகும், அப்போது 50, 60 நாள் என்று நீளும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் அடிக்கடி வந்தாலே தொடக்கம், 60 நாள் இடைவெளி வந்தால் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டோம் என்பது அவர்கள் கணக்கு. என் காலண்டரில் இதெல்லாம் பச்சையாக எழுதியிருந்தது.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. போனில் இருந்த ஆப் சொன்னபடி நாங்கள் 12ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரைதான் 'கணக்காக' இருந்தோம். 22 நாள் சுற்றில் முட்டை எட்டாம் நாள் வாக்கிலேயே வந்து போய்விடுகிறது. வெளிவந்த முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுசு. விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முன்கூட்டியே இருந்தால் பலன் உண்டு, பிந்தினால் கிடையாது. எத்தனை மாதம் வண்டி போன பிறகு ஸ்டாண்டில் நின்றோமோ. முட்டை வெளிவரும் நாளைக் கண்டுபிடிக்க மருந்துக் கடையில் விற்கும் எல்எச் ஹார்மோன் ஸ்ட்ரிப்பையும் இந்த வயதில் அப்படியே நம்ப முடியாது, அந்த ஹார்மோனே ஏறிக் கிடப்பதால் முட்டை வராத மாதமும் இரண்டு கோடு காட்டலாம். மாதவிடாய் முடிந்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள், கோழிமுட்டை வெள்ளைக்கரு மாதிரி வெள்ளை படுகிறதா என்று கவனியுங்கள் என்றார் டாக்டரம்மா. இத்தனை எளிய விஷயத்துக்கு மூன்று வருஷம்.

ஏஎம்எச் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது முட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டும், தரத்தைக் காட்டாது. தரம் வயதோடு போகிறது. 30 வயதுப் பெண்ணுக்கு ஏஎம்எச் குறைவாக இருப்பதும் 42 வயதில் குறைவாக இருப்பதும் ஒன்றல்ல. ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அந்த எண் உதவும். இயற்கையாகக் கரு நிற்குமா நிற்காதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு எண்ணைக் காட்டியே பயமுறுத்திப் பணம் கட்ட வைக்கும் இடங்களும் இருக்கின்றன. வேறொரு கிளினிக்கில் என் ரத்தத்திலிருந்தே பிரித்த பிஆர்பி என்ற திரவத்தைச் சினைப்பையில் செலுத்தினால் அது 'இளமையாகிவிடும்' என்றார்கள், நாற்பதாயிரம் ரூபாய். திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, வயதைத் திருப்பித் தரும் மருந்து எதுவும் கிடையாது என்றார். நாற்பதாயிரம் மிச்சம்.

அவரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். "எனக்கெதுக்கு?" என்று இரண்டு மாதம் இழுத்தடித்தார். பாதிப் பரிசோதனை ஆணுக்கு என்பதை நம் வீடுகளில் கடைசியாகத்தான் செய்கிறோம். மலிவானதும் வலியில்லாததும் அதுதான், முதலில் அதை முடித்திருக்க வேண்டும். ரிப்போர்ட் நன்றாகத்தான் வந்தது. அதற்காக அவர் காட்டிய பெருமையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

என் சொந்த முட்டையில் ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் முறை, செய்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தோம். 2019 செப்டம்பர். ஆந்திராவில் குண்டூரில் 70 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு இரட்டைக் குழந்தை பிறந்த செய்தி அந்த வாரம்தான் எல்லா டிவியிலும் ஓடியது. உறவுக்காரர்கள் மாற்றி மாற்றி அனுப்பினார்கள், "அந்தப் பாட்டிக்கே பிறக்குது, உனக்கென்ன?" டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அது தானமாக் கிடைச்ச முட்டைம்மா. செய்தியில அந்த வரியை யாரும் படிக்கறதில்ல" என்றார். 45க்கு மேல் குழந்தை பெற்ற நடிகைகள் பற்றிய செய்திகளையும் அன்றிலிருந்து வேறு கண்ணோடுதான் படிக்கிறேன்.

பதினொரு நாள் வயிற்றில் ஊசி, அதிகபட்ச அளவு. காலை ஏழு மணிக்கு அவர்தான் போட்டுவிடுவார். வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய அந்தக் கை முதல் நாள் நடுங்கியது, நான்காம் நாளிலிருந்து என்னைவிடத் தெளிவாக இருந்தது. கிடைத்தவை இரண்டு முட்டை. ஒன்று கருவானது. மூன்றாம் நாள் உள்ளே வைத்தார்கள். பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனை, இல்லை என்று வந்தது. ஊசி, ஸ்கேன், லேப் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு லட்சம். இன்ஷூரன்ஸ் ஒரு ரூபாய் தரவில்லை, என் பாலிசியில் குழந்தைப்பேறு சிகிச்சை கிடையாது. சீட்டுப் பணம் அதோடு போயிற்று.

அடுத்த முயற்சிக்கு 2020 ஏப்ரல் என்று தேதி வாங்கியிருந்தோம். ஊரே அடைந்து கிடந்த மாதம். அந்த வருஷம் முழுக்கப் போனது. 42 வயதில் ஒரு வருஷம் என்பது 32 வயதில் ஒரு வருஷம் மாதிரி இல்லை.

2021ல் மறுபடி நாள் தள்ளியது. 40, 45, 47. வழக்கம்போல் இதுவும் அந்த இடைவெளிதான் என்று நான் அட்டைகூட வாங்கவில்லை. ராத்திரி ராத்திரி உடம்பு குப்பென்று வேர்த்தது, அதுவும் பெரிமெனோபாஸ் கணக்கில் சேர்ந்தது. ஒரு நாள் ஆபீஸில் காபி வாசனை குமட்டியது. சும்மா பார்ப்போம் என்று பார்த்தால், இரண்டு கோடு. ஆபீஸ் கழிவறையில் ஒரு பக்கெட்டின் மேல் உட்கார்ந்து அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எட்டாவது வார ஸ்கேனில் துடிப்பு இல்லை.

ஏன் என்று கேட்டேன். குடம் தூக்கியதாலோ, ஸ்கூட்டியில் போனதாலோ, பப்பாளியாலோ இல்லை என்பதை டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். நாற்பது வருஷம் காத்திருந்த முட்டை கடைசி நேரத்தில் குரோமோசோம்களைப் பங்கு பிரிக்கும்போது தடுமாறுகிறது, கூடவோ குறையவோ போய்விடுகிறது. 42, 43 வயதில் நிற்கும் கருக்களில் ஏறக்குறையப் பாதி தங்குவதில்லை. இதை அத்தையிடம் சொன்னபோது, "அப்ப உம்மேல தப்பில்ல கண்ணு" என்றார். அதுவரை என் மேல் தப்பு என்று அவர் நினைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைவிட, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தக் கரு நின்றதையே காரணம் காட்டி, சொந்த முட்டையில் இன்னும் இரண்டு முறை ஐவிஎஃப் செய்யலாம் என்று வாதாடினேன். 43 தாண்டியவர்களில் சொந்த முட்டையில் ஒரு சுற்று ஐவிஎஃப் செய்துகொள்ளும் நூறு பேரில் குழந்தையோடு வீடு போகிறவர்கள் ஐந்து பேர்கூட இல்லை என்றார் டாக்டரம்மா. "அந்த அஞ்சு பேர்ல நீங்க இருக்கலாம். ஆனா பணமும் நாளும் திரும்பாது. எத்தனை முறைன்னு மொதல்லயே முடிவு பண்ணிக்கிட்டு வாங்க." கேட்கக் கசப்பாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஐந்து தடவை போய் வீட்டை அடமானம் வைத்தவர்களை அந்த வரவேற்பறையில் பார்த்திருக்கிறேன்.

தத்தெடுப்பதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. முன்பே பதிந்திருக்க வேண்டும். மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவில் பதிவுசெய்யக் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டிப் பார்க்கிறார்கள். 2022 விதிகளின்படி கூட்டுத்தொகை 85ஐத் தாண்டினால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை கிடையாது, 90ஐத் தாண்டினால் நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைதான். எங்கள் கூட்டுத்தொகை அப்போதே 90ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. சிகிச்சை எல்லாம் முடிந்து தோற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இந்தக் கதவும் பாதி மூடிவிடும். இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் யோசிப்பதில் துரோகம் ஒன்றும் இல்லை.

தானமாகப் பெறும் முட்டைக்கு ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது. அவர் ஒரே ராத்திரியில் ஒப்புக்கொண்டார், அவருக்கென்ன, குழந்தையில் அவர் பங்கு அப்படியே இருக்கிறதே என்று ஒரு நாள் கத்தியும்விட்டேன். தங்கை தன் முட்டையைத் தருகிறேன் என்றாள். அவளுக்கு 39, சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2021ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி முட்டை தருபவர் 23 வயதிலிருந்து 35க்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். பெயரோ படமோ நமக்குத் தெரியாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது எல்லை. பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க நம் குழந்தை.

என்னை இறங்கி வர வைத்தது சட்டம் இல்லை. முட்டைக்குத்தான் வயதாகிறது, கருப்பைக்கு அவ்வளவாக ஆவதில்லை என்று டாக்டரம்மா சொன்னதுதான். என் உடம்பில் இன்னும் ஒரு பாகம் வேலைக்கு லாயக்காக இருக்கிறது என்பது அந்தச் சமயத்தில் பெரிய ஆறுதல்.

தந்தவருக்கு வயது 26. அவ்வளவுதான் தெரியும். 2022ல் முதல் முறை வைத்தது நிற்கவில்லை. உறைய வைத்திருந்த இன்னொன்றை செப்டம்பரில் வைத்தார்கள், ஒன்று மட்டும். என் வயதில் இரட்டைக் குழந்தை சுமப்பது ஆபத்து என்பதில் டாக்டரம்மா கண்டிப்பாக இருந்தார். நின்றது.

பன்னிரண்டாவது வார ஸ்கேன் எடுக்கும் இடத்தில், படிவத்தில் தாயின் வயது என்று ஒரு கட்டம். 44 என்று எழுதினேன். வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு, "ஏங் கண்ணு, அவங்க வயசு வேணுமில்ல?" என்றார் மெதுவாக. அவர் சொன்னதுதான் சரி. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுவது முட்டையின் வயதை வைத்து. 45 வயது முட்டைக்கு 30ல் ஒன்று என்ற அளவில் காட்டும், 26 வயது முட்டைக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். சொல்லாமல் விட்டால் இல்லாத பயத்தில், மேற்கொண்டு பரிசோதிக்கவென்று தேவையில்லாத ஊசி வயிற்றில் இறங்கும். கூட்டமாக இருந்த அந்த மேஜைக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு துண்டுத் தாளில் எழுதி ரிப்போர்ட்டுக்குள் வைத்துக் கொடுத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மடித்துத் திருப்பித் தந்தார்.

கர்ப்பம் சுலபமாக இல்லை. தான முட்டையில், அதுவும் இந்த வயதில், ரத்த அழுத்தம் ஏற வாய்ப்பு அதிகம் என்று 12 வாரத்திலிருந்தே தினமும் ஆஸ்பிரின் மாத்திரை. ஏழாம் மாதம் சர்க்கரை வந்தது, கடைசி மாதம் அழுத்தமும் வந்தது. 37 வாரத்தில் ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டரை கிலோ. அத்தை வந்து மூக்கைத் தொட்டுப் பார்த்து, "எங்கம்மா மூக்கு" என்றார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தைக்கு எல்லாம் தெரியும், நாங்கள்தான் சொல்லியிருந்தோம். இருந்தும் அப்படித்தான் சொன்னார். மகளுக்கும் விவரம் தெரியும் வயதில் நாங்களே சொல்வதாக இருக்கிறோம். வேறு யார் வாயிலிருந்தோ அவள் கேட்கக் கூடாது.

சித்தப்பா மகள் ஒருத்தி இருக்கிறாள், 32 வயது, சென்னையில் வேலை, இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். அவளிடம் முட்டையை உறைய வைப்பது பற்றி விசாரித்து வைக்கச் சொன்னேன். 40ல் உறைய வைத்துப் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை, இப்போதென்றால் உண்டு. அதுவும் உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். கேட்கும் வயதில் நானும் அப்படித்தான் சுளித்திருப்பேன்.

இப்போது எனக்கு 47. மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது வேர்த்து ஊற்றுகிறது, அது படியாலா வயதாலா என்று தெரியவில்லை. எட்டு மாதம் காலண்டரில் புள்ளி இல்லை. நின்றேவிட்டது என்று நினைத்திருந்தேன், போன மாதம் மறுபடி வந்தது. டாக்டரம்மாவிடம் போனால், கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். பன்னிரண்டு மாதம் முழுசாக வராமல் இருந்தால்தான் நின்றதாக அர்த்தம். 50 வயதுக்கு முன்னால் நின்றால் அதற்கு மேலும் ஒரு வருஷம், ஆக இரண்டு வருஷம், கருத்தடை வேண்டும். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் ஆபீஸில் ஒரு அக்கா, கல்லூரியில் படிக்கும் பையன் இருப்பவர், நின்றுவிட்டது என்று விட்டுவிட்டு நான்காம் மாதம்தான் கண்டுபிடித்தார் என்பது எனக்கே தெரியும்.

ராத்திரி அவரிடம் விஷயத்தைச் சொல்லி நிரோத் வாங்கி வரச் சொன்னேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து நின்றார்.

"அந்த மெடிக்கல்ல அஞ்சு வருசமா கர்ப்பம் பாக்கற அட்டைதான் வாங்கியிருக்கேன். அவரு என்ன நெனைப்பாரு?"

"ஏங்க, பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போங்க" என்றேன்.